விமானத்தில் காற்றழுத்தம் போனால்: திருச்சியிலிருந்து பறப்பவர்களுக்கு

திருச்சி விமான நிலையத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் விமானங்களுக்கு நிற்கும் வரிசையில் மன்னார்குடி, பாபநாசம், நாகூர், பேராவூரணி என்று டெல்டாவின் எல்லா ஊர்ப் பேச்சும் கேட்கும். பேரப்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பிய பெரியவர்களும் அதில் நிறைய. விமானம் நகரத் தொடங்கியதும் பணிப்பெண் மஞ்சள் மாஸ்க்கைத் தூக்கிக் காட்டுவார். சரியாக அந்த நேரத்தில்தான் பாதி வரிசை போனில் "ஏறியாச்சு, ஏறியாச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் பணிப்பெண்ணால் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். கேபின் காற்றழுத்தம் திடீரென்று போனால் விமானம் அதை எப்படித் தாங்குகிறது, சீட்டில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பது விஷயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 'டமால்' என்று சத்தம் போட்டுப் போகும் அழுத்தத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதற்கு விமானத்தின் உடம்பும் தயார், பைலட்டும் தயார். சத்தமில்லாமல் மெல்லப் போவதுதான் ஆளை ஏமாற்றும்.

உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

கடல் மட்டத்தில் காற்று நம்மேல் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு வீதம் அழுத்துகிறது. 36,000 அடியில் அது 3.3 பவுண்டுதான், வெளியே குளிர் மைனஸ் 56 டிகிரி. கேபினுக்குள் தரையில் இருக்கும் அழுத்தத்தை அப்படியே வைப்பதில்லை. அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் என்ன இருக்குமோ அதை, அதாவது சுமார் 10.9 பவுண்டை வைக்கிறார்கள். ஊட்டி தொட்டபெட்டா உச்சி ஏறக்குறைய 8,650 அடி. அதற்குக் கொஞ்சம் கீழே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இதை 6,000 அடி அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள். நீண்ட பயணத்தில் அலுப்பு குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேபின் என்பது காற்றை அடைத்து மூடிவைத்த டப்பா இல்லை. இன்ஜினின் கம்ப்ரஸரிலிருந்து எடுத்த சூடான காற்றைக் குளிரவைத்து, பறக்கிற நேரம் முழுக்க உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வால்பக்கம் அடிவயிற்றில் 'அவுட்ஃப்ளோ வால்வு' என்று ஒரு திறப்பு இருக்கிறது. பழைய காற்று அதன் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஆற்றில் தண்ணீர் வந்துகொண்டே இருக்க, மதகை ஏற்றி இறக்கி வாய்க்காலில் மட்டம் பிடிப்பார்களே, அதே கணக்கு. கரையில் சின்னதாக ஒரு ஓட்டை விழுந்தால் மதகைக் கொஞ்சம் இறக்கி மட்டத்தைக் காப்பாற்றிவிடலாம். வரத்தைவிடப் போக்கு அதிகமாகிற அளவுக்கு உடைப்பு எடுத்தால்தான் மட்டம் இறங்கும். விமானத்திலும் விரல் நுழைகிற ஓட்டைக்கெல்லாம் அழுத்தம் போய்விடாது; வால்வு தானாகவே மூடிக்கொண்டு ஈடுகொடுக்கும். சினிமாவில் ஒரு தோட்டா துளைத்ததும் ஆட்கள் பறந்து வெளியே போவதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அழுத்தம் கூடிப்போனாலும் ஆபத்துதான். ஏ320 விமானத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் வழக்கமாக 8 பவுண்டை ஒட்டி இருக்கும். 8.6 பவுண்டைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு தானே திறந்து காற்றை வெளியேற்றிவிடும்.

உடம்பு எப்படித் தாங்குகிறது

விமானத்தின் வெளித்தோல் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடுதான். பலம் அந்தத் தகட்டில் மட்டும் இல்லை. உள்ளே வளையம் வளையமாக ஃபிரேம்களும், நீளவாட்டில் ஸ்ட்ரிங்கர் கம்பிகளும் வலைபோல் ஓடுகின்றன. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் இந்த உடம்பு கொஞ்சம் உப்பி, பிறகு சுருங்குகிறது. ஆயிரக்கணக்கான முறை இப்படி நடக்கும்போது உலோகம் களைத்துப்போய் நுண்விரிசல் விடும். விமானத்தின் வயதை ஆண்டுக்கணக்கில் மட்டும் பார்க்காமல், எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று எண்ணி வைத்திருப்பது இதனால்தான்.

இந்தப் பாடத்துக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு 1954-இல், ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக, இத்தாலிக்கு அருகே நடுவானில் உடைந்து கடலில் விழுந்தன. காரணம் பிடிபடாமல், இன்னொரு காமெட்டின் உடற்பகுதியை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். (காற்றை வைத்துச் சோதித்தால் உடையும்போது வெடிகுண்டுபோல் சிதறும், தண்ணீர் சுருங்காது என்பதால் விரிசல் விட்ட இடம் அப்படியே பார்க்கக் கிடைக்கும்.) ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலையில்தான் தகைவு, அதாவது உலோகத்தை இழுக்கும் விசை, குவிந்து விரிசல் தொடங்கியது. இன்று ஜன்னல்களின் மூலை எல்லாம் நன்றாக வளைந்திருக்கிறது. தோலின் உட்பக்கம் குறிப்பிட்ட இடைவெளியில் பட்டைகள் ஒட்டியிருக்கிறார்கள். ஓடிவரும் விரிசல் அந்தப் பட்டையைத் தொட்டதும் திசை திரும்பும். ஒரு சிறு பகுதி மட்டும் மடல்போல் திறந்து காற்று வெளியேறும். முழு உடம்பும் கிழியாமல், கிழிய வேண்டிய இடம் மட்டும் கிழிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

அந்த ஏற்பாடும் பராமரிப்பு இருந்தால்தான் வேலை செய்யும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா விமானம் 243-இன் முன்பக்கக் கூரை 24,000 அடியில் பிய்ந்து போனது. அந்த போயிங் 737 அதற்குள் 89,680 முறை பறந்திருந்தது. எல்லாம் தீவுக்குத் தீவு தாவும் குட்டிப் பயணங்கள். உப்புக்காற்றில் தகடுகளின் ஒட்டு விட்டு, ஆணித்துளை ஒவ்வொன்றிலும் விட்ட சின்னச் சின்ன விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று நாகப்பட்டினத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூரையே இல்லாமல் அந்த விமானம் தரையிறங்கியது. நடைபாதையில் நின்றிருந்த பணிப்பெண் ஒருவர் மட்டும் வெளியே வீசப்பட்டு இறந்தார். பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பயணிகள் எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள்; காயங்கள் நிறைய.

1985 ஆகஸ்ட் 12 அன்று 520 பேரைப் பலிகொண்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விபத்து வேறு வகை. வால்பக்கத்தில் அழுத்தத்தைத் தாங்கும் கிண்ண வடிவச் சுவர் ஒன்று உண்டு. விபத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் அதைப் பழுதுபார்த்தபோது, ஒரே தகடாகப் போட வேண்டிய ஒட்டுத்தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டார்கள். இரண்டு வரிசை ஆணி தாங்க வேண்டிய சுமையை ஒரு வரிசை தாங்கியது. சுவர் வெடித்தபோது செங்குத்து வாலும், விமானத்தைத் திருப்பும் பாகங்களை இயக்கும் ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்களும் சேர்ந்து போயின. அழுத்தம் போனதால் மட்டும் பெரிய விமானம் விழுந்துவிடுவது அரிது. போகிற வேகத்தில் அது வேறு எதை உடைத்துக்கொண்டு போகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

தரைப்பலகைக்கும் இதே கதைதான். 1974 மார்ச் 3 அன்று பாரிஸ் அருகே துருக்கி விமானம் ஒன்றின் சரக்குக் கதவு பிய்ந்தது. கீழ்த்தளத்தில் அழுத்தம் சட்டென்று இறங்க, மேலே கேபினில் மட்டும் அப்படியே இருந்தது. நடுவில் இருந்த தரை அமுங்கி உடைந்து, அதன் வழியாக ஓடிய கட்டுப்பாட்டுக் கம்பிகளை அறுத்துவிட்டது. 346 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மேலும் கீழும் காற்று சட்டென்று கலந்துகொள்ள வழி வைப்பது கட்டாயமானது. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தால் குனிந்து பாருங்கள்: காலடியில், சுவரும் தரையும் சேரும் இடத்தில் கிராதி வைத்த நீளமான பலகை தெரியும். சாதாரண நாளில் கேபின் காற்று அதன் வழியாகத்தான் கீழே போகிறது. அழுத்தம் போகும் நொடியில் அந்தப் பலகை திறந்து வழிவிடும். அது திறந்து தொங்கினால் விமானம் உடைகிறது என்று அலற வேண்டாம். அது செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது.

ஜன்னலில் மூன்று அடுக்கு. வெளி அடுக்குதான் முழு அழுத்தத்தையும் தாங்குகிறது. நடு அடுக்கில், கீழ்ப்பக்கம், குண்டூசித் தலை அளவு ஒரு துளை இருக்கும். அதைச் சுற்றிப் பனிப்பூ பூத்திருப்பதைப் பார்த்து "ஜன்னல் ஓட்டை" என்று பயப்படுபவர்கள் உண்டு. அழுத்தம் வெளி அடுக்குக்குப் போய்ச்சேரவும், கண்ணாடி மங்காமல் இருக்கவும் வேண்டுமென்றே போட்ட துளை அது. வெளி அடுக்கு உடைந்தால் நடு அடுக்கு சுமையைத் தாங்கிக்கொள்ளும். நம் விரல் படும் உள் அடுக்கு வெறும் பாதுகாப்புத் தகடு. அதில் கீறல் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் வெளியே கோடு ஓடியிருப்பது தெரிந்தாலோ, ஜன்னல் அல்லது கதவோரம் விசில்போல் சத்தம் விடாமல் வந்தாலோ பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். ரப்பர் சீல் நகர்ந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். பார்க்க வேண்டியது அவர்கள் பாடு.

"யாராவது பாதி வழியில் கதவைத் திறந்துவிட்டால்?" என்று கேட்காத பெரியவர் இல்லை. பறக்கும் உயரத்தில் முடியாது. ஆள் நுழையும் கதவின் பரப்பு ஏறக்குறைய 2,400 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 8 பவுண்டு என்றால் எட்டு டன்னுக்கு மேல் அந்தக் கதவைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. தரைக்கு அருகே அந்த வித்தியாசம் கிடையாது என்பதால் அங்கே திறக்கும். 2022 டிசம்பர் 10 அன்று சென்னையில், திருச்சிக்குக் கிளம்ப இருந்த ஏடிஆர் என்ற சிறிய புரொப்பல்லர் விமானத்தில் பயணி ஒருவர் அவசரக் கதவைத் திறந்துவிட்டது தரையில் நடந்ததுதான். கதவைத் திரும்பப் பொருத்தி, அழுத்தச் சோதனையும் செய்த பிறகே விமானத்தை விட்டார்கள். அவசரக் கதவு வரிசையில் கால் நீட்ட இடம் கிடைக்கிறது என்று உட்காருபவர்கள் கைப்பிடியில் பை மாட்டுவதையும் சாய்ந்து தூங்குவதையும் விட்டுவிடலாம்.

அந்த நொடியில் என்ன தெரியும்

அழுத்தம் சட்டென்று போனால் பெரிய சத்தம் கேட்கும். காது அடைத்து விடும். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் காற்று தானாக வெளியே வரும். தூசியும் காகிதமும் ஓட்டை இருக்கும் பக்கம் பறக்கும். உடனே கேபின் முழுக்க வெள்ளைப் படலம் கட்டும். அது புகை இல்லை. காற்று விரிந்து குளிர்ந்ததால் அதில் இருந்த ஈரம் மூடுபனியானது; கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். பிறகு கடும் குளிர்.

மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. நீச்சல் தெரிந்தவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும், அவர்களுக்கு அதுதான் கைவந்த பழக்கம். 8,000 அடி கணக்கில் நெஞ்சில் இருந்த காற்று 35,000 அடி அழுத்தத்தில் மூன்று மடங்குக்கு மேல் விரியப் பார்க்கும். அதை அடைத்து வைத்தால் நுரையீரல் கிழியலாம். வாயைத் திறந்து வெளியே விடுங்கள். பிடித்துவைத்துப் பயனும் இல்லை. அந்த உயரத்தில் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனே நுரையீரல் வழியாகத் திரும்ப வெளியே போகத் தொடங்கிவிடும்.

35,000 அடியில் தெளிந்த புத்தியோடு கையை அசைக்கக் கிடைக்கும் நேரம் 30 முதல் 60 நொடி. அழுத்தம் சட்டென்று போனால் அதிலும் பாதிதான். 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம் வரை கிடைக்கும். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் மாஸ்க் பற்றிச் சொல்லும் எல்லாவற்றுக்கும் காரணம் புரிந்துவிடும்.

மாஸ்க் போடுவது

கேபினுக்குள் அழுத்தம் 14,000 அடி உயரத்துக்குச் சமமாக இறங்கியதும் தலைக்கு மேல் உள்ள பெட்டி தானே திறந்து மாஸ்க்குகள் தொங்கும். தொங்கினால் மட்டும் ஆக்சிஜன் வராது. இங்கேதான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். மாஸ்க்கை நன்றாகக் கீழே, முகத்தை நோக்கி இழுக்க வேண்டும். அந்த இழுப்பில் ஒரு கயிறு ஊசியைப் பிடுங்கும். அப்போதுதான் மேலே இருக்கும் ஆக்சிஜன் உருளை பற்றிக்கொள்ளும். குறுகிய உடம்புள்ள (நடுவில் ஒரே நடைபாதை உள்ள) பெரும்பாலான விமானங்களில் அது காற்றடைத்த சிலிண்டர் இல்லை. சோடியம் குளோரேட்டும் இரும்புத்தூளும் கலந்த மருந்து. வேதிவினையில் வெந்து ஆக்சிஜனை விடும். ஒருமுறை தொடங்கினால் நிறுத்த முடியாது. 12 முதல் 15 நிமிடம் வரை வரும். உருளையின் மேல்பக்கம் 200 டிகிரிக்கு மேல் கொதிக்கும் என்பதால் மேலே உள்ள பெட்டிக்குள் கை விடவே வேண்டாம். கருகல் வாடை வரும். தீப்பிடித்தது என்று மாஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள். மூக்குக்கு வரும் காற்று சூடாக இருக்காது.

மஞ்சள் கிண்ணம் மூக்கு, வாய் இரண்டையும் மூட வேண்டும். வாயை மட்டும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் படங்கள் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் வருகின்றன. எலாஸ்டிக் பட்டையைத் தலைக்குப் பின்னால் போட்டு, பக்கத்து நுனிகளை இழுத்து இறுக்குங்கள். கொண்டையும் பூச்சரமும் வைத்திருந்தால் பட்டை கொண்டைக்குக் கீழே போகட்டும், மேலே போட்டால் வழுக்கும். துப்பட்டாவோ புர்க்காவின் முகத்துணியோ இருந்தால் கிண்ணம் துணிக்கு உள்ளே, தோலில் படிய வேண்டும். சர்ஜிக்கல் மாஸ்க் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் போடுங்கள். கண்ணாடி நழுவினால் விடுங்கள். வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிடுங்கள், அந்த நேரத்தில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மாஸ்க்கோடு தொங்கும் பிளாஸ்டிக் பை உப்பாமல் இருக்கலாம்; உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வந்துகொண்டுதான் இருக்கும்.

உங்களுக்கு முதலில், குழந்தைக்கு அடுத்து. தாய்மார்களுக்கு இது கல்நெஞ்சாகத் தோன்றும். கணக்கு இதுதான்: உங்களுக்கு இருப்பது 15, 20 நொடி. திமிறும் குழந்தைக்கு மாட்டிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கை தொய்ந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஆளில்லை. நீங்கள் போட்டுக்கொண்டால், குழந்தை மயங்கியே போயிருந்தாலும் மாஸ்க் வைத்ததும் தெளிந்துவிடும். வீட்டுப் பெரியவர்களுக்கு ஊரிலேயே ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். ஆங்கில அறிவிப்பில் அது அவர்களுக்கு எட்டாது: "அம்மா, மேலேருந்து மஞ்சக் கிண்ணம் தொங்குனா வெடுக்குன்னு இழு. மூக்கு, வாய் ரெண்டையும் மூடி மாட்டிக்க. எங்களப் பாக்காத, மொதல்ல நீ போட்டுக்க." இந்த மூன்று வாக்கியம் போதும்.

சீட்டைவிட மாஸ்க் பத்து சதவீதமாவது அதிகம் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று சீட் உள்ள பக்கத்தில் வழக்கமாக நான்கு மாஸ்க் இருக்கும், நான்காவது மடிக்குழந்தைக்கு. எனவே இரண்டு கைக்குழந்தைகளோடு போகும் குடும்பம் ஒரே மூன்று சீட்டில் உட்கார முடியாது. இடம் மாற்றச் சொன்னால் சண்டைக்குப் போகாமல் நடைபாதையின் அந்தப் பக்கம் போய்விடுங்கள். உங்கள் பெட்டி திறக்கவில்லை என்றாலும் பக்கத்து வரிசையின் உபரி மாஸ்க்தான் கை கொடுக்கும். பெட்டியைத் திறக்கும் கருவி பணிப்பெண்ணிடம் இருக்கிறது, ஆனால் அவர் வரும்வரை காத்திருக்க நேரம் இல்லை. கழிவறைக்குள்ளும் மாஸ்க் விழும். அங்கே இருந்தால் கதவைத் திறந்துகொண்டு ஓடிவராதீர்கள், அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். நடைபாதையில் மாட்டிக்கொண்டால் அருகில் காலியாக இருக்கும் சீட். அதுவும் இல்லையென்றால் தரையில் உட்கார்ந்து சீட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தொங்கும் உபரி மாஸ்க்கை இழுத்துக்கொள்ளுங்கள்.

சீட் பெல்ட்டைப் பற்றி ஒரே வரி: உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க, விளக்கு அணைந்திருந்தாலும், இடுப்பெலும்பில் இறுக்கமாக இருக்கட்டும்.

ஏன் இப்படி இறங்குகிறது

பைலட் முதலில் செய்வது தன் மாஸ்க்கைப் போடுவது. ஒரே கையால் ஐந்து நொடிக்குள் தலையில் மாட்டும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். அடுத்து இன்ஜின் வேகத்தை முழுக்கக் குறைத்து, இறக்கையின் மேல் உள்ள பிரேக் பலகைகளைத் தூக்கி, விமானத்தைக் கீழே விடுவார். நிமிடத்துக்கு 5,000 முதல் 7,000 அடி வரை இறங்கும். இன்ஜின் சத்தம் அடங்கிவிடும், இறக்கைப்பக்கம் தடதடவென்று அதிரும், மூக்கு கீழே சாயும். "விழுகிறது" என்று கத்துவது இந்த நேரத்தில்தான். விழவில்லை, வேண்டுமென்றே இறக்குகிறார்கள். 35,000 அடியிலிருந்து 10,000 அடிக்கு வர நான்கைந்து நிமிடம். மேலே உருளையில் இருக்கும் ஆக்சிஜன் 12 நிமிடம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் கவலை குறையும்.

10,000 அடியில் மாஸ்க் இல்லாமல் மூச்சுவிடலாம். கீழே மலை இருந்தால் மட்டும் கணக்கு மாறும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் பக்கம் போனால் டெல்டா சமவெளி, பிறகு வங்காள விரிகுடா, இறங்கத் தடையில்லை. ஷார்ஜா, துபாய் பக்கம் போனால் மேற்குத்தொடர்ச்சி மலையைத் தாண்ட வேண்டும். ஆனைமுடி 2,695 மீட்டர், அதாவது சுமார் 8,840 அடி. சிகரத்துக்கு மேல் 2,000 அடி இடைவெளி வைக்க வேண்டும் என்பதால் அந்த இடத்தில் 11,000 அடி அளவில் நின்று, மலையைத் தாண்டிய பிறகுதான் மேலும் இறங்குவார்கள்.

இறங்கும் நேரத்தில் பைலட்டிடமிருந்து நீளமான அறிவிப்பை எதிர்பார்க்காதீர்கள். அவர் முகத்திலும் மாஸ்க். ஒரு கண் கருவியில், ஒரு காது கட்டுப்பாட்டு அறையில். மட்டம் பிடித்த பிறகு பேசுவார். அதுவரை மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம். கழற்றச் சொல்வது கேபின் ஊழியர்தான். 2024 அக்டோபர் 11 அன்று ஷார்ஜா விமானம் ஒன்று திருச்சி வானத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அது ஹைட்ராலிக் கோளாறு. தரையிறங்கும் எடையைக் குறைக்க எரிபொருளைத் தீர்த்தார்கள். அழுத்தக் கோளாறில் முதல் வேலை உயரத்தை விடுவது. மற்றதெல்லாம் கீழே வந்த பிறகு. தாழ்வாகப் பறந்தால் எரிபொருள் அதிகம் குடிக்கும் என்பதால் போக வேண்டிய ஊருக்குப் போகாமல் பக்கத்து ஓடுதளத்துக்குத் திருப்பலாம்.

காதுவலி இந்த இறக்கத்தில்தான் அதிகம். எச்சில் விழுங்குங்கள், தாடையை அசையுங்கள். கைக்குழந்தை அழுதால் அழட்டும், அழுகையிலேயே காது திறந்துகொள்ளும்.

சத்தமில்லாமல் போகும்போது

2005 ஆகஸ்ட் 14. சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் கிளம்பிய ஹீலியோஸ் நிறுவனத்தின் விமானம் 522. முந்தைய இரவு கசிவுச் சோதனை செய்த தொழில்நுட்பர்கள் அழுத்தக் கட்டுப்பாட்டு சுவிட்சை 'மேனுவல்' (கையால் இயக்கும்) நிலையிலேயே விட்டிருந்தார்கள். பைலட்டுகளும் அதைக் கவனிக்கவில்லை. விமானம் ஏற ஏற உள்ளே அழுத்தம் குறைந்துகொண்டே போனது. எச்சரிக்கை ஒலி கேட்டது. ஆனால் அந்த போயிங் 737-இல் அதே ஒலிதான் தரையில் வேறொரு எச்சரிக்கைக்கும். அதையே நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்தபோது இருவரும் மயங்கினார்கள். ஆட்டோபைலட் விமானத்தை ஏதென்ஸ் வரை கொண்டுபோய் வட்டமடிக்கவிட்டது. எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் 121 பேரும் இறந்தார்கள். எங்கும் ஓட்டை இல்லை, எதுவும் உடையவில்லை.

நம் நாட்டிலும் 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய விமானத்தில் இன்ஜின் காற்றைக் கேபினுக்கு விடும் சுவிட்சைப் போடாமலே ஏறிவிட்டார்கள். மாஸ்க் விழுந்தது, முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம். விமானம் மும்பைக்கே திரும்பியது.

ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டும் என்று எதிர்பார்ப்போம், முட்டாது. அதுதான் இதில் உள்ள வஞ்சகம். தலை லேசாகும், காரணமில்லாமல் சந்தோஷமாக இருக்கும், தூக்கம் வரும், நகமும் உதடும் நீலமாகும். விமானம் மட்டமாகப் பறக்கும்போதே காது திரும்பத் திரும்ப அடைத்துத் திறந்தால், வயிறு உப்பிக்கொண்டே போனால், கேபின் சட்டென்று குளிர்ந்தால், உடனே பணிப்பெண் மணியை அழுத்துங்கள். சத்தம் எதுவும் இல்லாமல் மாஸ்க் மட்டும் தொங்கினால் "ஏதோ கோளாறு, தானா விழுந்திருச்சு" என்று போனில் படம் பிடிக்க வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள். மாஸ்க் விழுந்து இரண்டு நிமிடமாகியும் விமானம் இறங்கவில்லை, அறிவிப்பும் இல்லையென்றால், பைலட் அறையிலிருந்து பதில் வருகிறதா என்று பணிப்பெண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை.

ஏடிஆரில் மாஸ்க் எங்கே?

சென்னை–திருச்சி ஏடிஆரில் ஏறியவர்கள் கேட்பது இது. அந்த விமானம் 25,000 அடிக்கு மேல் பறக்க அனுமதி இல்லாதது. அந்த உயரத்திலிருந்து மூச்சுவிடும் உயரத்துக்கு வேகமாக இறங்கிவிட முடியும் என்பதால் ஒவ்வொரு சீட்டுக்கும் மேலே மாஸ்க் வைப்பதில்லை. குறை இல்லை, கணக்கு அப்படி.

கிளம்பும் முன்

எதுவும் கெட்டுப்போகாத சாதாரணப் பயணத்திலேயே உடம்பு 8,000 அடி காற்றில் சில மணி நேரம் இருக்கிறது. அதனால் நுரையீரல் நோய், அண்மையில் வந்த மாரடைப்பு, கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுவது நல்லது. மேலே தொங்கும் மாஸ்க் மூச்சிரைப்புக்கு உதவாது. மருத்துவத் தேவைக்கு ஊழியரிடம் தனி சிலிண்டர் உண்டு. வீட்டு ஆக்சிஜன் சிலிண்டரைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். விழித்திரை அறுவைசிகிச்சையில் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், அது முழுக்கக் கரைந்தது என்று கண் டாக்டர் சொல்லும்வரை, சில வாரங்களானாலும், பறக்கவே கூடாது. உயரத்தில் அந்த வாயு விரிந்து பார்வையையே எடுத்துவிடும். சாதாரணக் கண்புரை ஆபரேஷனுக்கு இது பொருந்தாது. கடும் சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

ஊறுகாய் பாட்டில் கொண்டுபோகாத டெல்டாக் குடும்பம் ஏது? பெட்டி போகும் சரக்கு அறையிலும் கேபினில் உள்ள அதே அழுத்தம்தான். தரையில் இறுக்கி மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று மேலே போனதும் விரிந்து எண்ணெயை மூடி வழியாகத் தள்ளும். விளிம்புவரை நிரப்பாமல் இரண்டு விரற்கடை விட்டு, வாயில் பிளாஸ்டிக் தாள் வைத்து மூடி, தனிக் கவரில் நிற்கவைத்துக் கட்டுங்கள். நெய்க்கும் மீன் ஊறுகாய்க்கும் இரண்டு கவர்.